ஏற்காட்டு நர்ஸ் பயோஎத்திக்ஸ் மாஸ்டர்ஸ்க்கு அப்ளை பண்ணலாமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. ஏற்காட்டுக்கு மேல ஒரு கிராமம், அப்பா காப்பி எஸ்டேட்ல வேலை, மலையாளி சமூகம் (கேரளாக்காரங்க இல்ல, மலைல வாழற பழங்குடி), எஸ்.டி. சர்டிஃபிகேட் இருக்கு, மலையில இருக்கற உண்டு உறைவிடப் பள்ளில தங்கிப் படிச்சு அப்புறம் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, இப்ப மூணு வருஷமா சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.ல டியூட்டி. பயோஎத்திக்ஸ்ல, அதாவது வைத்தியத்துலயும் மருத்துவ ஆராய்ச்சிலயும் எது சரி எது தப்புன்னு அலசற படிப்புல, மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஆசை, ஆனா டாக்டர் இல்ல, ஃபிலாசஃபி படிச்சதில்ல, சேர்த்துக்குவாங்களா, ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு வேணுமா, எஸ்.ஓ.பி.ல (ஏன் இதப் படிக்கணும்னு எழுதற கட்டுரை) என்ன எழுதறது, காசுக்கு என்ன வழி, படிச்சா வேலை கெடைக்குமா. இதுக்கு நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்காங்க: "மூளைச்சாவுன்னு சொன்னதுக்கு அப்புறமும் மெஷின் ஏன் ஓடுதுன்னு நோயாளியோட அம்மா கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, அன்னைல இருந்து தான் இந்தப் படிப்ப பத்தி தேட ஆரம்பிச்சேன்."

தங்கச்சி, அந்த ஒரு வரி தான் உங்க அப்ளிகேஷன். மத்ததெல்லாம் பேப்பர் வேலை. எப்படின்னு கீழ சொல்றேன். நான் ஒரு காலேஜ் எத்திக்ஸ் கமிட்டில (மனுஷங்கள வச்சுப் பண்ற ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற குழு) ரொம்ப நாளா இருக்கேன், இந்தப் படிப்புக்குப் போன பசங்களுக்கு லெட்டரும் எழுதிக் குடுத்திருக்கேன், அதனால கொஞ்சம் தெரியும்.

சேர்த்துக்குவாங்களான்ற பயத்த முதல்ல விடுங்க. இந்த வகுப்புல டாக்டர், வக்கீல், நர்ஸ், பாதிரியார், சோஷியாலஜி படிச்சவங்க, பயோடெக் முடிச்சுட்டு அடுத்து என்னன்னு முழிக்கறவங்க எல்லாரும் கலந்து தான் உக்காந்திருப்பாங்க. இந்தத் துறை உருவானதே அப்படித்தான். 1960கள்ல அமெரிக்காவுல சியாட்டில்ல டயாலிசிஸ் மெஷின் கொஞ்சம், நோயாளிங்க ஏகப்பட்ட பேர்ங்கற நெலம வந்தப்ப, யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி போட்டாங்க, அதுல பாதிரியாரு, வக்கீலு, வீட்டம்மா, பேங்க்காரரு, தொழிற்சங்கத் தலைவருன்னு பெரும்பாலும் ஊர்க்காரங்க தான். அப்புறம் 1969ல ஹேஸ்டிங்ஸ் சென்டர், 1971ல ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டில கென்னடி இன்ஸ்டிட்யூட்னு இதுக்குன்னே ஆராய்ச்சி மையங்க, 1972ல டஸ்கீகி ஆராய்ச்சி வெளிய வந்து நாறினது (கறுப்பின ஆம்பளைங்களுக்கு சிஃபிலிஸ் இருக்கறது தெரிஞ்சும், பெனிசிலின் வந்ததுக்கு அப்புறமும் வைத்தியம் பண்ணாம 1932ல இருந்து 40 வருஷம் வேடிக்கை பாத்தாங்க), அதோட விளைவா 1979ல மனுஷங்கள வச்சுப் பண்ற ஆராய்ச்சிக்கு நெறிமுறை சொன்ன பெல்மான்ட் ரிப்போர்ட். அதனால ஃபிலாசஃபி டிகிரி இல்லன்றது ஒரு குறையே இல்ல. ஒரு வாதத்த படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு அதுக்கு எதிர் வாதத்தையும் நேர்மையா எழுதத் தெரியுதான்னு தான் பாப்பாங்க. உங்க பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷக் கோர்ஸுங்கறது உங்களுக்கு சௌகரியம், அமெரிக்கா பக்கம் சில யுனிவர்சிட்டிங்க மூணு வருஷ டிகிரிய யோசிச்சுத் தான் எடுத்துக்குவாங்க, இங்க சாதா பி.எஸ்சி. முடிச்சவங்களுக்கு அந்தத் தலவலி உண்டு. ஜி.ஆர்.இ. பெரும்பாலான பயோஎத்திக்ஸ் கோர்ஸுக்கு இப்ப கேக்கறதில்ல. ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சை எழுதணும், ரெண்டு வருஷம் தான் செல்லும்ங்கறதால இப்பவே போய் எழுதி வைக்காதீங்க. கோயம்புத்தூர்லயோ சென்னைலயோ எழுதிக்கலாம். எழுத்து சம்பந்தமான படிப்புங்கறதால ரைட்டிங் மார்க்குக்கு தனியா தயாராகுங்க.

இப்ப உங்க வரிக்கு வர்றேன். அந்தம்மா கேட்ட கேள்விக்கு உங்களுக்கு மட்டுமில்ல, நம்ம சட்டத்துக்கே சரியா பதில் தெரியாதுன்றது தான் விஷயம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு செத்துப்போச்சுன்னா அதுவும் மரணம் தான்னு ஒத்துக்குது, நாலு டாக்டருங்க, கொறஞ்சது 6 மணி நேர இடைவெளில ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணி கையெழுத்து போடணும், இதெல்லாம் நீங்க பாத்திருப்பீங்க. ஆனா அந்தச் சட்டத்தோட வேலையே உறுப்பு எடுக்கறத ஒழுங்குபடுத்தறது. 1969 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துல மரணம்னா உயிரோட அடையாளம் எல்லாமே நிரந்தரமா மறையறதுன்னு தான் இருக்கு, மூளைச்சாவுன்ற பேச்சே இல்ல. அப்ப என்ன ஆகுது? தொப்பூர் கணவாய்ல லாரில அடிபட்டு வர்ற பையன், மூளைச்சாவுன்னு உறுதியாயிடுச்சு, குடும்பம் தானத்துக்குச் சரின்னா அவன் இறந்தவன். வேண்டாம்னா? அதே பையன், அதே டெஸ்ட் ரிசல்ட், ஆனா வென்டிலேட்டர எடுக்க டாக்டர் தயங்குவாரு, இதயம் தானா நிக்கற வரைக்கும் மெஷின் ஓடும், பில்லும் ஓடும், இல்லன்னா குடும்பம் எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கேரளாவுல 2020ல தானம் இருந்தாலும் இல்லாட்டியும் மூளைச்சாவு உறுதியானா கருவிய நிறுத்தலாம்னு அரசே வழிகாட்டுதல் போட்டுச்சு. ஒரே நாட்டுல ஸ்டேட் பார்டர் தாண்டினா ஒரு மனுஷன் உயிரோட இருக்கானா இல்லையான்றது மாறுதுன்னா, அத விட நல்ல பயோஎத்திக்ஸ் கேள்வி எங்க கெடைக்கும்? அதுக்கு நடுவுல ராத்திரி முழுக்க நிக்கறது யாரு, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு போயிடுவாரு, நர்ஸு தான் அந்தம்மா மூஞ்சிய பாத்துக்கிட்டு நிக்கணும். சரின்னு தெரிஞ்சும் செய்ய முடியாம நிக்கறப்ப வர்ற அந்த வேதனைக்கு மாரல் டிஸ்ட்ரெஸ்னு பேரு, ஆண்ட்ரூ ஜேம்டன்னு ஒருத்தரு 1984ல நர்ஸுங்கள வச்சுத் தான் அத எழுதினாரு, இன்னைக்கு அதுமேல பெரிய ஆராய்ச்சியே நடக்குது.

இதே எடத்துல இன்னொரு முனையும் இருக்கு. 2023 செப்டம்பர்ல இருந்து நம்ம தமிழ்நாட்டுல உறுப்பு தானம் பண்ணினவங்களுக்கு அரசு மரியாதை. ஆர்.டி.ஓ., கலெக்டர் எல்லாம் வீட்டுக்கு வந்து மாலை போடறாங்க. எனக்கு அது நல்ல விஷயமாத் தான் படுது. ஆனா ஐ.சி.யு. வாசல்ல நிக்கற குடும்பத்துக்கு அது ஆறுதலா, இல்ல வேண்டாம்னு சொல்ற உரிமைய லேசா அமுக்குதா? ரெண்டு பக்கமும் பேசலாம். பேச முடியணும். அட்மிஷன் கமிட்டி தேடறது அந்த ரெண்டு பக்கத்தையும் பேசற ஆளத்தான்.

எஸ்.ஓ.பி.க்கு வருவோம். சேலம் அஞ்சு ரோடு பக்கம் எந்த வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சிக்குப் போனாலும் ஒரு டெம்ப்ளேட் நீட்டுவாங்க, கல்யாணப் பத்திரிகைல பேர மட்டும் மாத்தி அச்சடிக்கற மாதிரி தான், "சின்ன வயசுல இருந்தே மத்தவங்களுக்கு சேவை செய்யணும்னு ஒரு தாகம்"னு ஆரம்பிக்கும், தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதின்னு நாலு கொள்கையையும் மந்திரம் மாதிரி சொல்லும், கடைசில உங்க யுனிவர்சிட்டி உலகப் புகழ் பெற்றதுன்னு முடியும். ஒரு கமிட்டி மெம்பர் இப்படி நூறு படிச்சிருப்பாரு. அந்த நாலு கொள்கைய 1979லயே பீச்சம்ப், சில்ட்ரெஸ்னு ரெண்டு பேரு எழுதிட்டாங்க, அதோட கொறை என்னன்னு அவங்க வகுப்புலயே அடிச்சுக்குவாங்க, நீங்க போய் அவங்களுக்கு அதச் சொல்ல வேண்டியதில்ல. அதோட கன்சல்டன்சிக்காரங்க பயோஎத்திக்ஸ்னு சொன்னாலே, அதுக்கு ஸ்கோப் இல்லம்மா, ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் போங்கன்னு தள்ளுவாங்க, அவங்களுக்கு எந்தக் காலேஜ்ல கமிஷன் வருதோ அங்க தான் தள்ளுவாங்க, இது உலகத்துக்கே தெரியும்.

நீங்க எழுதினா எப்படி இருக்கணும்னு ஒரு பத்தி போடறேன், இங்கிலீஷ்ல தான் எழுதணும், விஷயம் புரியறதுக்காக தமிழ்ல:

"மூளைச்சாவு உறுதியான ஒரு நோயாளியின் தாய் என்னிடம், இறந்துவிட்டான் என்கிறீர்கள், பிறகு ஏன் மருந்து ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். அவர் உறுப்பு தானத்துக்குச் சம்மதிக்கவில்லை. சம்மதித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. மரணம் என்பது குடும்பத்தின் சம்மதத்தைப் பொறுத்து மாறக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தானத்துக்கு மறுத்தவர்களிடமிருந்து உடனே கருவியை எடுத்தால், அது மறுத்ததற்குத் தண்டனையாக அவர்களுக்குத் தெரியும் என்பதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மருத்துவமனையின் நடைமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படிக்க விரும்புகிறேன்."

பாத்தீங்களா, இதுல உங்கள நீங்களே புகழ்ந்துக்கல, கண்ணீர் இல்ல, ஆனா நெலப்பாடு ஒண்ணு இருக்கு, அதுக்கு எதிரா இருக்கறதும் இருக்கு, கடைசில எதப் படிக்கணும்னும் இருக்கு. இத நான் எழுதினது மாதிரியே காப்பி அடிக்காதீங்க, உங்க வார்டுல உண்மையில நடந்தது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தான் தெரியும். ரெண்டாவது பத்தில சட்டத்தோட நெலம, மூணாவதுல இந்த யுனிவர்சிட்டில யார் இதப்பத்தி எழுதறாங்க, எந்தப் பாடம் இதுக்கு உதவும்னு குறிப்பா. ரெண்டு பக்கம் போதும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், இதுல நிறைய பேர் மாட்டிக்கறாங்க. வார்டு கதைய எழுதறப்ப நோயாளிய யாராலயும் அடையாளம் கண்டுபிடிக்க முடியக்கூடாது. பேர எடுத்துட்டா மட்டும் பத்தாது. எந்த ரோட்டுல ஆக்சிடென்ட், என்ன வயசு, எந்த மாசம், அப்பா என்ன வேலைன்னு நாலு விஷயம் சேர்ந்துச்சுன்னா தினத்தந்தி பழைய பேப்பர்ல தேடிக் கண்டுபிடிச்சிடலாம். எத்திக்ஸ் படிக்க வர்ற ஆளு எஸ்.ஓ.பி.லயே நோயாளி ரகசியத்த ஒடைக்கறாங்கன்னா அந்த ஃபைல அங்கயே மூடிடுவாங்க. அந்தத் தாயா அப்பாவா, பையனா பொண்ணான்னு கூட மாத்திக்கலாம், மாத்தியிருக்கேன்னு ஒரு வரில சொல்லிடுங்க. ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம், அங்க இருக்கற டாக்டர வில்லனா காட்டறதும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் நீங்க சாதாரணமா எழுதிட்டுப் போயிட்டீங்க, உண்டு உறைவிடப் பள்ளில படிச்சேன்னு. அதுவும் சரக்கு தான். 2009, 2010ல அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்துலயும் சின்னப் பொண்ணுங்களுக்கு எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான) தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வு நடந்துச்சு, அதுல பழங்குடி பசங்க நிறைய, ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பொண்ணுங்களுக்கு அப்பா அம்மாவுக்கு பதிலா வார்டனே சம்மதப் படிவத்துல கையெழுத்து போட்டிருந்தாங்கன்னு பெரிய பிரச்சன ஆகி, 2010ல ஆய்வ நிறுத்தி, 2013ல பார்லிமென்ட் கமிட்டி ரிப்போர்ட்டே வந்துச்சு. வார்டன் கையெழுத்துன்னா என்னன்னு டெல்லில உக்காந்து இருக்கறவங்கள விட உங்களுக்கு நல்லாத் தெரியும், அப்பா எஸ்டேட்ல, கீழ இருந்து பஸ்ஸு எப்ப வரும்னு தெரியாது, எல்லாத்துக்கும் வார்டன் தான் அப்பா அம்மா. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்ல ஊர்ப் பெரியவங்க அனுமதி வாங்கினாலும் ஒவ்வொருத்தர் சம்மதமும் தனித்தனியா வாங்கணும்னு தெளிவா இருக்கு. ஆனா மலை ஊர்ல ஊர்க்கவுண்டர் (ஊர்த் தலைவர்) சரின்னு தலையாட்டினதுக்கு அப்புறம் ஒரு வீட்டுக்காரர் மாட்டேன்னு சொல்ல முடியுமா? இது உங்களோட ரெண்டாவது கேள்வி. ரைட்டிங் சேம்பிள் கேக்கற யுனிவர்சிட்டிக்கு இத ஒரு கட்டுரையா எழுதுங்க, எஸ்.ஓ.பி.ல ரெண்டையும் திணிக்காதீங்க. சேலத்துக்காரங்க நிறைய பேரு 1992 தொட்டில் குழந்தைத் திட்டத்த எடுத்து எழுதுவாங்க, நம்ம மாவட்டத்துல ஆரம்பிச்சதுங்கறதால. நல்ல விஷயம் தான், ஆனா அத நீங்க பக்கத்துல இருந்து பாக்கல, அதனால விட்டுடுங்க.

எந்த யுனிவர்சிட்டின்றத இப்பத் தான் யோசிக்கணும், கேள்விய வச்சு. ரேங்க்க வச்சு இல்ல. உங்க கேள்வி படுக்கைக்குப் பக்கத்துல நடக்கறது, அதனால க்ளினிக்கல் எத்திக்ஸ் பலமா இருக்கற எடம் பாருங்க. க்ளீவ்லேண்டுல கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யுனிவர்சிட்டி மாஸ்டர்ஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கற ரொட்டேஷன் பாடத்துலயே சேர்ந்து வருது, உங்களுக்கு அது நல்லாப் பொருந்தும். பென்சில்வேனியா, ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூல், கொலம்பியா, என்.ஒய்.யு. எல்லாத்துலயும் கோர்ஸ் இருக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பெர்மன் இன்ஸ்டிட்யூட்டும் பப்ளிக் ஹெல்த் ஸ்கூலும் சேர்ந்து நடத்தறது, பாலிசி, ஆராய்ச்சி எத்திக்ஸ் வாசன அதிகம், ஹாஸ்டல் சம்மதக் கேள்விதான் உங்களுக்கு முக்கியம்னா அது சரி. இங்கிலாந்துல மான்செஸ்டர்ல ஹெல்த்கேர் எத்திக்ஸும் சட்டமும் சேர்ந்த கோர்ஸ், லண்டன் கிங்ஸ் காலேஜ்ல பயோஎத்திக்ஸ் அண்ட் சொசைட்டி, இங்கெல்லாம் முழு நேரமா படிச்சா ஒரே வருஷத்துல முடிஞ்சுடும்ங்கறது செலவுல பெரிய மிச்சம். ஆஸ்திரேலியாவுல மோனாஷ். ஐரோப்பாவுல பெல்ஜியம் கே.யு. லூவன் முன்ன நின்னு மத்த யுனிவர்சிட்டிங்களோட சேர்ந்து நடத்தற எராஸ்மஸ் முண்டஸ் பயோஎத்திக்ஸ், அதுக்கு ஸ்காலர்ஷிப் கெடைச்சுட்டா மாசம் 1,400 யூரோ குடுப்பாங்க, ஃபீஸ் கெடயாது, ஆனா அந்தந்த வருஷ இன்டேக்குக்கு ஸ்காலர்ஷிப் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஆசப்படுங்க.

வெளிநாடு தான் போகணும்னு இல்ல, இத யாரும் சொல்லமாட்டேங்கறாங்க. மங்களூர்ல எனபோயா யுனிவர்சிட்டில எத்திக்ஸுக்குன்னே ஒரு சென்டர் இருக்கு, பயோஎத்திக்ஸ் மெடிக்கல் எத்திக்ஸ்ல பி.ஜி. டிப்ளமா நடத்தறாங்க. சேலம் ஜங்ஷன்ல ராத்திரி மங்களூர் மெயில் ஏறினா மறுநாள் அங்க இருக்கலாம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ்லயும் இந்தத் துறைல நல்ல ஆளுங்க இருக்காங்க. சென்னை மோகன் ஃபவுண்டேஷன் 1997ல இருந்து உறுப்பு தானத்துல வேல செய்யறாங்க, ட்ரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் (உறுப்பு தானத்த ஒருங்கிணைக்கறவங்க) ட்ரெயினிங் குடுக்கறாங்க, துக்கத்துல இருக்கற குடும்பத்துக்கிட்ட எப்படிப் பேசறதுன்னு சொல்லித் தர்றதே அதுல பாதி. உங்க எடத்துல நானா இருந்தா முதல்ல இந்த மாதிரி ஒண்ணு முடிச்சுட்டு அதோட தெம்புல வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணுவேன், கமிட்டிக்கும் இந்தப் பொண்ணு சும்மா ஆசைல வரலன்னு தெரியும். அதுக்கு முன்னாடி காசில்லாம செய்யறதும் இருக்கு: அமெரிக்க என்.ஐ.எச். க்ளினிக்கல் சென்டரோட ரிசர்ச் எத்திக்ஸ் கோர்ஸ் ஆன்லைன்ல ஃப்ரீ, சென்னைல ஐ.சி.எம்.ஆரோட என்.ஐ.இ. நிறுவனம் நடத்தற ஹெல்த் ரிசர்ச் கோர்ஸ் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் வகுப்புத் தளத்துல இருக்கு, இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ் 1993ல இருந்து வருது, நெட்ல ஃப்ரீயாப் படிக்கலாம், அதுல மூளைச்சாவு பத்தின கட்டுரைங்கள மட்டும் தேடி எடுத்துப் படிங்க. டே டியூட்டி முடிச்சு ஒரு தட்டுவடை செட் சாப்ட்டுட்டு ரூமுக்குப் போய் ஒரு கட்டுரைன்னு வச்சுக்கோங்க, எஸ்.ஓ.பி. எழுதற மொழி தானா வரும்.

ரெகமண்டேஷன் லெட்டர் ரெண்டோ மூணோ கேப்பாங்க. நர்சிங் காலேஜ் பிரின்சிபால் ஒண்ணு, உங்கள டியூட்டில பாத்த இன்டென்சிவிஸ்ட் (ஐ.சி.யு. டாக்டர்) ஒண்ணு. நம்ம ஊர்ல "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போடறேன்"னு தான் சொல்வாங்க, அப்படி எழுதினா மூணு லெட்டரும் ஒரே நடைல இருக்கும், படிக்கறவங்களுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அதுக்கு பதிலா அந்த டாக்டர்கிட்ட ஒரு தாள்ல நாலு பாயின்ட் குடுங்க, எந்தக் கேஸ்ல நீங்க என்ன கேட்டீங்க, குடும்பத்துக்கிட்ட எப்படிப் பேசினீங்கன்னு ஞாபகப்படுத்தற மாதிரி, மீதிய அவரு எழுதட்டும். ஜிமெயில்ல இருந்து லெட்டர் போனா சில யுனிவர்சிட்டி சந்தேகப்படும், ஆஸ்பத்திரி இல்லன்னா காலேஜ் மெயில் ஐ.டி. இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ட்ரான்ஸ்க்ரிப்ட் கிண்டி எம்.ஜி.ஆர். மெடிக்கல் யுனிவர்சிட்டில இருந்து வரணும், கடைசி மாசத்துல போய் நிக்காதீங்க. அமெரிக்காவுக்குன்னா மார்க் ஷீட்ட டபிள்யூ.இ.எஸ். மாதிரி எடத்துல மதிப்பீடு பண்ணச் சொல்வாங்க, எல்லாரும் இல்ல, கேட்டா மட்டும் பண்ணுங்க, அது தனிச் செலவு.

காசு. அமெரிக்காவுல ஃபீஸ் மட்டுமே பல எடத்துல 30 லட்சத்த தாண்டும், இந்தப் படிப்புக்கு அவ்வளவு லோன் வாங்கறத நான் சொல்லமாட்டேன், படிச்சு முடிச்சு வர்ற சம்பளத்துல அத அடைக்கறது ரொம்பக் கஷ்டம். ஸ்காலர்ஷிப் இல்லாம போகாதீங்க, அவ்வளவு தான். உங்களுக்கு வழி இருக்கு. சேலம் மாவட்ட மலையாளிங்க எஸ்.டி. பட்டியல்ல இருக்கறதால மத்திய பழங்குடியினர் நலத்துறையோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்புக்கு நீங்க போடலாம், வருஷத்துக்கு நாடு முழுக்க 20 பேருக்குத் தான். தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் எஸ்.சி., எஸ்.டி. பசங்களுக்குத் தான். ரெண்டுக்கும் வருமான வரம்பு, எந்தப் பாடம், எந்த யுனிவர்சிட்டின்னு அந்த வருஷ அறிவிப்புல இருக்கறத வரி வரியா படிங்க, பயோஎத்திக்ஸ்னு தனியா பேர் இல்லன்னா பப்ளிக் ஹெல்த், மெடிக்கல் பிரிவுக்குள்ள வருமான்னு எழுதிக் கேளுங்க, வாய்ல கேக்காதீங்க. இங்கிலாந்துக்கு அந்த நாட்டு அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் இருக்கு, கொறஞ்சது 2 வருஷ வேல அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேணும், உங்க ஐ.சி.யு. டியூட்டி அதுக்கு மேலயே வரும், முடிச்சுட்டு ரெண்டு வருஷம் நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்கணும்ன்றது நிபந்தன. ஆகஸ்ட்ல திறப்பாங்க, அக்டோபர் வாக்குல மூடிடுவாங்க. எஸ்.டி. சர்டிஃபிகேட்டு, வருமானச் சர்டிஃபிகேட்டு ரெண்டையும் இப்பவே சரி பாத்துக்கோங்க, பேர்ல ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோட ஒத்து வரலன்னாலும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் மலைக்கும் ஏறி எறங்கிட்டே இருக்கணும்.

வேல இருக்கான்னா, பயோஎத்திசிஸ்ட் வேணும்னு நம்ம ஊர்ல பேப்பர்ல விளம்பரம் வராது. அத முதல்லயே தெரிஞ்சுக்கங்க. ஆனா வேலை வேற பேர்ல இருக்கு. 2019 மருந்து ஆய்வு விதிகள் படி எத்திக்ஸ் கமிட்டில கொறஞ்சது 7 பேர், அதுல பாதி பேர் அந்த ஆஸ்பத்திரியச் சேராதவங்க, வக்கீலு, சாதாரண ஊர்க்காரர் ஒருத்தர், சமூக அறிவியலாளர், எத்திசிஸ்ட் மாதிரி ஒருத்தர்னு கட்டாயம். சேலத்துல மெடிக்கல் காலேஜ் எத்தன இருக்குன்னு உங்களுக்கே தெரியும், கமிட்டி நடத்த, புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) படிக்க, ஃபைல் பாக்க ஆள் தேடிக்கிட்டே தான் இருக்காங்க, சம்பளம் சுமார். மருந்து ஆய்வ மத்தவங்களுக்காக நடத்திக் குடுக்கற சி.ஆர்.ஓ. கம்பெனிங்க பெங்களூர், சென்னைல, அங்க சம்பளம் பரவால்ல. எம்.பி.பி.எஸ்.ல 2019ல இருந்து ஏட்காம்னு எத்திக்ஸ் பாடம் கட்டாயமாச்சு, நர்சிங் காலேஜ்லயும் சொல்லிக் குடுக்க ஆள் வேணும், ஆனா மாஸ்டர்ஸ் நர்சிங் இல்லாம பயோஎத்திக்ஸ் மட்டும் வச்சு நர்சிங் காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபசர் ஆக முடியாது, நர்சிங் கவுன்சில் விதி வேற. அமெரிக்கா, கனடாவுல ஆஸ்பத்திரிலயே க்ளினிக்கல் எத்திசிஸ்ட்னு வேல உண்டு, அமெரிக்காவுல 2018ல இருந்து அதுக்கு எச்.இ.சி.-சி.ன்னு ஒரு பரீட்சையும் இருக்கு, ஆனா அந்த வேலைக்குப் பெரும்பாலும் பி.எச்டி.யோ ஃபெலோஷிப்போ கேப்பாங்க. ஒரு நர்ஸா வெளிநாட்டுல வேல பாக்கறது தான் நோக்கம்னா இந்தப் படிப்பு குறுக்கு வழி இல்ல, அதுக்கு லைசென்ஸ் பரீட்சை தனி.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், அப்ளிகேஷன் ஃபார்ம தொறக்கறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது. வேலைக்குச் சேர்றப்ப ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட ஆஸ்பத்திரில வாங்கி வச்சிருந்தாங்கன்னா அத முதல்ல கைக்குக் கொண்டு வாங்க, அப்படி வச்சுக்க அவங்களுக்கு உரிமையே கெடயாது, பாண்டுன்னு ஏதாவது கையெழுத்து போட்டிருந்தா அந்தக் காப்பியையும் கேளுங்க. பாஸ்போர்ட்டுக்கோ பேங்க்குக்கோ வேணும்னு சொல்லி வாய்ல கேட்டா இழுப்பாங்க, ஒரு லெட்டரா எழுதி ஹெச்.ஆர்.ல சீல் போட்ட அக்னாலஜ்மென்ட் வாங்கிக்கோங்க. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்லயும் வாரத்துக்கு எத்தன மணி நேரம்னு போட்டுத் தரச் சொல்லுங்க, செவனிங் கேக்கற அந்த 2,800 மணி நேரத்துக்கு ஆதாரம் கேட்டா காட்ட அது தான் இருக்கும்.